வண்டி வராத காட்டுச் சரளைச் சாலைகளில் சைக்கிள்: புதிதாகத் தொடங்குவோருக்கு

காட்டுக்குள் சைக்கிள் ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த சைக்கிள் வாங்கலாம்?" என்றுதான். அந்தக் கேள்வியை நான் இரண்டாவதாக வைப்பேன். முதலில் பாதை. நல்ல பாதை அமைந்துவிட்டால், வீட்டில் சும்மா நிற்கிற சாதாரண சைக்கிளிலேயே ஒரு நாள் முழுக்க இனிமையாகப் போய்வரலாம். பாதை தப்பாகிவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சைக்கிளாக இருந்தாலும் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். அதனால் இந்தக் கட்டுரையில் பெரும்பங்கு பாதை தேடுவதற்கே போகிறது.

சரளைச் சாலை என்று நான் சொல்வது, தார் போடாமல் உடைகல்லும் மண்ணும் கொட்டி இறுக்கிய, ஒரு வண்டி போகும் அளவு அகலமான சாலையை. வேரும் பாறையுமாக இருக்கும் ஒற்றையடிப் பாதை வேறு விளையாட்டு. அதைத் தொடாமல் விடுகிறேன்.

1. "இந்தச் சாலைக்கு வண்டி ஏன் வரும்?" என்று கேளுங்கள்

அமைதியான சாலையைக் கண்டுபிடிக்க இந்த ஒரு கேள்வி போதும். சரளையாக இருப்பதால் மட்டும் ஒரு சாலை அமைதியாகிவிடாது. இரண்டு ஊர்களுக்கு நடுவே அது குறுக்குவழியாக இருந்தால், எவ்வளவு குண்டும் குழியுமாக இருந்தாலும் கார்கள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வரத்தான் செய்யும். அதே இரண்டு ஊர்களுக்கு நல்ல தார்ச்சாலை ஒன்று இருந்து, காட்டுச் சாலை அதைவிடச் சுற்றாகவும் இருந்தால், அங்கே போக யாருக்கும் வேலை இல்லை. நமக்கு வேண்டியது அந்தச் சாலைதான். வரைபடத்தில் ஒரு கோட்டைப் பார்த்ததும், அதன் இரண்டு முனையிலும் என்ன இருக்கிறது, அங்கே போக வேறு வழி உண்டா என்று பார்த்துவிடுங்கள். பாதி விடை அதிலேயே வந்துவிடும்.

பெரும்பாலான காடுகளில் நமக்குக் கிடைக்கும் முதல் வகை, வெட்டிய மரத்தை ஏற்றிச் செல்லப் போட்ட சாலை. சைக்கிளுக்கு இதைவிடப் பொருத்தமான சாலை குறைவு என்பது என் கருத்து. காரணம், அது பாரம் ஏற்றிய லாரிக்காகக் கட்டப்பட்டது. பாரத்தோடு லாரி ஏற வேண்டும் என்பதால் சரிவை நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் (நூறு மீட்டர் தூரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஏற்றம்) போகாமல் பார்த்துக்கொள்வார்கள். நீளமான வண்டி திரும்ப வேண்டும் என்பதால் வளைவுகள் அகலமாக இருக்கும். மழைநீர் நின்றால் சாலை கெட்டுவிடும் என்பதால் நடுவில் சற்று மேடாக்கி, ஓரத்தில் வாய்க்கால் வெட்டி, கீழே குழாய் பதித்திருப்பார்கள். மரம் வெட்டும் வேலை அந்தப் பக்கம் முடிந்துவிட்டால், அடுத்த வெட்டு வரைக்கும் பல ஆண்டுகள் அந்தச் சாலையில் அதிகம் யாரும் வர மாட்டார்கள். நுழைவில் குறுக்கே ஒரு கம்பித் தடுப்பு இருக்கும். கார் உள்ளே போகாது, சைக்கிளைப் பக்கத்து இடைவெளியில் நகர்த்திக்கொண்டு போகலாம். அந்தத் தடுப்புதான் உங்களுக்கு நல்ல சகுனம்.

இந்த வகையில் ஒரு தொல்லையும் உண்டு. மரம் இருக்கும் இடம் வரை போனால் போதும் என்பதால், கிளைச் சாலைகள் பலவும் காட்டுக்குள் போய் அப்படியே நின்றுவிடும். செயற்கைக்கோள் படத்தில் கோட்டின் முடிவில் மொட்டையாக ஒரு வட்டம் தெரிந்தால், அது லாரி திரும்புவதற்கான இடம். அதற்கு அப்பால் வழி இல்லை என்று அர்த்தம். "அந்தப் பக்கச் சாலை நானூறு மீட்டரில்தானே இருக்கிறது, நடுவில் எப்படியாவது போய்விடலாம்" என்ற நினைப்பு வேண்டாம். அந்த நானூறு மீட்டரில் வெட்டிப் போட்ட கிளைகளும் முள்ளும் சதுப்பும் இருக்கும்.

இரண்டாவது வகை, ரயில் ஓடி நின்றுபோன பழைய தடங்கள். ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் சரிவு பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்று, இரண்டுக்குள் அடங்கிவிடும். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்கிலிருந்து கம்பர்லேண்ட் வரை சுமார் 240 கி.மீ. போகும் கிரேட் அலிகேனி பாசேஜ் இப்படிப்பட்டதுதான். ஆற்றுப் பள்ளத்தாக்கும் காடுமாகப் போகிற அந்தத் தடத்தில் பொடித்த சுண்ணாம்புக்கல் பரப்பியிருக்கிறார்கள். உங்கள் பகுதியில் அப்படி ஒரு தடம் இருந்தால் முதல் பயணத்துக்கு அதையே எடுத்துக்கொள்ளுங்கள். வழி தவறாது, மேடு பயமுறுத்தாது. ஆனால் சமதளத்தில் மிதிப்பதை நிறுத்த இடமே கிடைக்காது, ஒரே நிலையில் உட்கார்ந்து இடுப்பு மரத்துப்போகும். அவ்வப்போது எழுந்து நின்று மிதியுங்கள்.

அணை, வாய்க்கால் ஓரத்துப் பராமரிப்புச் சாலைகளும் அனுமதி இருந்தால் நல்லவையே. காட்டுத்தீ பரவாமல் இருக்க மரங்களை வெட்டி வெறுமையாக விட்ட தீத்தடுப்புக் கோடுகளை மட்டும் ஆரம்பத்தில் தவிர்த்துவிடுங்கள். வரைபடத்தில் அழகான நேர்கோடாகத் தெரியும். நிலத்தில் பார்த்தால், மேடு பள்ளம் எதையும் பொருட்படுத்தாமல் நெட்டுக்குத்தாக ஏறி இறங்கும்.

2. வரைபடத்தை நிதானமாகப் படியுங்கள்

காட்டுச் சாலைகளுக்கு எனக்கு மிகவும் பயன்படுவது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடம். 2004இல் தொடங்கியது, உலகெங்கும் தன்னார்வலர்கள் வரைந்து சேர்ப்பது. கொமூட், ரைட் வித் ஜிபிஎஸ் போன்ற பாதை வரையும் செயலிகளும் இதன் தரவைப் பயன்படுத்துகின்றன. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் காட்டுச் சாலைகளுக்குத் தரம் 1 முதல் 5 வரை குறித்திருப்பார்கள். 1 என்றால் கெட்டியாக இறுகியது, 5 என்றால் மண்ணும் புல்லுமாக மெத்தென்று அமுங்குவது. தொடக்கத்தில் 1, 2 மட்டும் போதும். 3 காய்ந்த நாளுக்குச் சரி. 4, 5 மழைக்கு அப்புறம் சேறு.

மேற்பரப்பு பற்றிய குறிப்பில் புதியவர்கள் ஒரு இடத்தில் தடுமாறுவார்கள். அந்த வரைபடத்தில் 'கிராவல்' என்று குறிப்பது பெரும்பாலும் தண்டவாளத்துக்கு அடியில் கொட்டும் அளவுக் கூர்மையான ஜல்லியை. நாம் தேடும் சாலை 'காம்பாக்டட்' என்றோ 'ஃபைன் கிராவல்' என்றோ குறிக்கப்பட்டிருக்கும். தன்னார்வலர்கள் எல்லோரும் ஒரே மாதிரி குறிப்பதில்லை என்பதால் செயற்கைக்கோள் படத்தையும் ஒருமுறை பாருங்கள். வெளிறிய, ஒரே அகலமான கோடு என்றால் பராமரிக்கப்படும் சாலை. நடுவில் பச்சைக் கோடு ஓடினால் வண்டி அபூர்வமாக வருகிறது, புல் முளைத்திருக்கிறது என்று பொருள். இரண்டு சக்கரத் தடமும் தெளிவாகத் தெரிந்தால் அதுவும் ஓட்டக்கூடியதே. மரக்கூரை மூடி ஒன்றுமே தெரியாவிட்டால், ஸ்ட்ராவா என்ற செயலியின் ஹீட்மேப்பில் (அதைப் பயன்படுத்துவோர் போன வழிகளை ஒளிரும் கோடுகளாகக் காட்டும் வரைபடம்) அந்தக் கோட்டின் மீது ஆட்கள் போயிருக்கிறார்களா என்று பாருங்கள். மங்கலாகவாவது ஒளிர்ந்தால் வழி திறந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்தது சமஉயரக் கோடுகள், அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைத்து வரைபடத்தில் போட்டிருக்கும் கோடுகள். இதற்குக் கணக்கு சுலபம். 1:25,000 அளவு வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது நிலத்தில் 250 மீட்டர். கோடுகள் 10 மீட்டர் உயர இடைவெளியில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். உங்கள் சாலை ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குப் போக 4 மில்லிமீட்டர் எடுத்தால், 100 மீட்டர் தூரத்தில் 10 மீட்டர் ஏறுகிறீர்கள், அதாவது நூற்றுக்குப் பத்து. புதியவருக்கு அது மூச்சு வாங்கும் ஏற்றம். 8 மில்லிமீட்டர் எடுத்தால் நூற்றுக்கு ஐந்து, உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம். கோடுகளோடு இணையாகவே ஓடும் சாலை சிக்கினால் விடாதீர்கள். மலையின் இடுப்பைச் சுற்றி, ஒரே உயரத்தில், ஓடைகளைத் தாண்டித் தாண்டிப் போகும் அந்தச் சாலைகள்தான் காட்டில் எனக்கு மிகப் பிடித்தவை.

பாதையை வளையமாக வரையுங்கள். போன வழியே திரும்புவது தவறில்லை, ஆனால் வளையத்தில் ஒரு வசதி உண்டு: ஏற்றத்தைக் காலையில் தெம்பாக இருக்கும்போதே முடித்துவிட்டு, மாலையில் இறக்கமாக வருமாறு திசையை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். இடையில் இரண்டு மூன்று இடங்களிலாவது தார்ச்சாலைக்கோ கிராமத்துக்கோ விலகிப் போக வழி இருக்கிறதா என்று குறித்துவையுங்கள்.

3. அனுமதி

சாலை வரைபடத்தில் இருக்கிறது என்பதால் நீங்கள் போகலாம் என்று ஆகிவிடாது. இது நாட்டுக்கு நாடு மாறும். ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்ளும் வரை பெரும்பாலான நிலங்களில் சைக்கிளோடு போகும் உரிமையைக் கொடுக்கிறது. ஜெர்மனியில் காட்டுக்குள் சாலைகளிலும் பாதைகளிலும் மட்டுமே ஓட்டலாம். அங்கேயே பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் இரண்டு மீட்டருக்குக் குறைந்த அகலமுள்ள பாதை என்றால் பொதுவாக அனுமதி இல்லை. இந்தியாவில் வனவிலங்கு சரணாலயத்துக்குள் போக 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும். காட்டை நிர்வகிக்கும் அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது. எந்தப் பக்கம் மரம் வெட்டுகிறார்கள், எந்தப் பாலம் போய்விட்டது என்பதையும் அதே பேச்சில் தெரிந்துகொள்ளலாம்.

4. எவ்வளவு தூரம்?

தார்ச்சாலையில் நீங்கள் ஓட்டும் தூரத்தில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். புதியவருக்கு முதல் பயணம் 20 முதல் 30 கி.மீ., மொத்த ஏற்றம் 300 மீட்டருக்குள். நின்று பார்ப்பது, வழி சரிபார்ப்பது எல்லாம் சேர்த்து மணிக்கு 10, 12 கி.மீ. என்று கணக்குப் போடுங்கள். இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பாகவே முடியுமாறு கிளம்புங்கள். காட்டுக்குள் வெளிச்சம் வெளியைவிடச் சீக்கிரம் குறையும். விலங்குகள் நடமாடத் தொடங்கும் வேளையும் அதுதான்.

5. சைக்கிளும் டயரும்

இப்போது அந்த முதல் கேள்விக்கு வருவோம். சைக்கிளைவிட டயர்தான் முக்கியம். 35 மில்லிமீட்டர் அகலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். 40 முதல் 45 என்றால் சுகமாக இருக்கும். ஹைபிரிட் சைக்கிள்கள் (சாலைச் சைக்கிளும் மலைச் சைக்கிளும் கலந்த வகை) பலவற்றில் இந்த அளவு டயர் ஏற்கெனவே இருக்கும். பழைய மலைச் சைக்கிள் என்றால் இன்னும் அகலம், தாராளமாக எடுத்துக்கொண்டு போகலாம். கிராவல் சைக்கிள் என்றே விற்பதை வாங்குவதாக இருந்தால் கியரை மட்டும் கவனியுங்கள்: முன்னால் உள்ள சிறிய பல்சக்கரத்தில் எத்தனை பல்லோ, பின்னால் உள்ள பெரிய பல்சக்கரத்தில் அத்தனையாவது இருக்க வேண்டும். அதிகமாக இருந்தால் இன்னும் நல்லது. சரளையில் ஏறும்போது அந்தக் கியர் கட்டாயம் தேவைப்படும்.

காற்றழுத்தம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். செலவே இல்லாமல் பயணத்தை மாற்றக்கூடியது இது ஒன்றுதான். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச எண் வரை காற்றடித்துக்கொண்டு வந்தால், ஒவ்வொரு கல்லும் கையில் வந்து இடிக்கும், வளைவில் சக்கரம் வழுக்கும். கல் மேல் ஏறும்போது டயர் கல்லை உள்வாங்கிக்கொண்டு அமுங்க வேண்டும். 70 கிலோ எடையுள்ள ஒருவர் 40 மில்லிமீட்டர் டயரில், டியூப் இருந்தால் 35 முதல் 40 பிஎஸ்ஐ (பம்பில் காட்டும் காற்றழுத்த அளவு), டியூப்லெஸ் என்றால் 30 முதல் 35 என்று தொடங்கலாம். பின்சக்கரத்துக்கு முன்சக்கரத்தைவிட இரண்டு மூன்று கூடுதல். முதல் சரளைத் துண்டிலேயே நின்று இரண்டு பிஎஸ்ஐ இறக்கிப் பாருங்கள், மறுபடி ஓட்டுங்கள். கல்லில் மோதும்போது ரிம்மே தட்டும் சத்தம் கேட்டால் அளவு மீறிவிட்டது, திரும்ப ஏற்றுங்கள். அப்படித் தட்டும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி, பக்கம் பக்கமாக இரண்டு ஓட்டை விழும். பஞ்சர் பார்க்கும்போது அடுத்தடுத்து இரண்டு ஓட்டை இருந்தால் முள் குத்தவில்லை, காற்றுதான் போதவில்லை.

6. எடுத்துப் போக வேண்டியவை

மாற்று டியூப், டயர் கழற்றும் நெம்புகோல், பம்பு, பல பயன் திருகுளி, செயின் இணைப்பு ஒன்று. டியூப்லெஸ் ஓட்டினாலும் டியூப் ஒன்று பையில் இருக்கட்டும். டயரின் பக்கச்சுவர் கிழிந்தால், சின்ன ஓட்டைகளை அடைக்க உள்ளே ஊற்றியிருக்கும் அடைப்பான் திரவம் உதவாது. கிழிசலுக்கு உள்பக்கம் வைக்கப் பழைய டயரில் வெட்டிய துண்டு ஒன்று போதும். கிளை எதிலாவது மாட்டி, பின்கியரைத் தாங்கும் சின்ன உலோகத் துண்டு ஒடிவது காட்டில் நடக்கிற காரியம். உங்கள் சைக்கிள் மாடலுக்கு உரியதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டியூப் மாற்றுவதை வீட்டிலேயே நிதானமாகச் செய்து பழகிவிட்டுக் கிளம்புங்கள்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை, வெயிலைப் பொறுத்து. ஓடைத் தண்ணீரை அப்படியே குடிக்காதீர்கள். மேலே எங்காவது கால்நடையோ இறந்த விலங்கோ இருக்கலாம், தெளிவாகத் தெரிவது போதாது. பசிக்கும் முன்பே கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள்.

போனில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். சிக்னல் தேடித் தேடியே பேட்டரி தீரும் என்பதால் விமானப் பயன்முறையில் போட்டுவிடலாம், ஜிபிஎஸ் அப்போதும் வேலை செய்யும். யாரிடமாவது பாதையையும் திரும்பும் நேரத்தையும் சொல்லிவிட்டுப் போங்கள். அவசர எண்ணைத் தெரிந்துவைத்திருங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 112. ஜெர்மனியின் காடுகளில் பச்சைப் பலகையில் எண் எழுதிய மீட்பு இடங்கள் உண்டு. அந்த எண்ணைச் சொன்னால் ஆம்புலன்ஸ் நேராக அங்கே வந்துவிடும். உங்கள் பகுதியிலும் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

7. சரளையில் ஓட்டுவது

சாலையை உற்றுப் பாருங்கள். வண்டிச் சக்கரம் ஏறி ஏறி இறுகிய இரண்டு கோடுகள் தெரியும், கல் உள்ளே புதைந்து வழவழப்பாக இருக்கும். நடுவிலும் ஓரத்திலும் சக்கரம் தள்ளிவிட்ட தளர்ந்த கல் வரப்பாகக் குவிந்திருக்கும். அந்த இறுகிய கோட்டிலேயே போங்கள். ஒரு கோட்டிலிருந்து மற்றதற்கு மாற வேண்டுமானால் வேகத்தைக் குறைத்து, நடு வரப்பைக் கொஞ்சம் நெட்டாகவே வெட்டிக் கடந்துவிடுங்கள். சாய்வாக உரசிக்கொண்டு மாறப் பார்த்தால் முன்சக்கரம் கல்லுக்குள் இழுத்துக்கொள்ளும்.

ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காதீர்கள். முழங்கை சற்று மடங்கி, தோள் தளர்ந்து இருக்கட்டும். சைக்கிள் அடியில் கொஞ்சம் ஆடும், ஆடட்டும். புதியவர்களுக்குப் பயம் வருவது இந்த ஆட்டத்தில்தான். பயத்தில் உடம்பை விறைத்தால் ஆட்டம் கூடும்.

ஏற்றத்தில் சீட்டிலிருந்து எழுந்தால் பின்சக்கரத்தில் எடை குறைந்து, சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். உட்கார்ந்தபடி, சீட்டின் முன்பக்கமாக நகர்ந்து, சின்னக் கியரில் சீராக மிதியுங்கள். இறக்கத்தில் இடுப்பைப் பின்னால் தள்ளி, வளைவு வருவதற்கு முன்பே பிரேக் போட்டு முடித்துவிடுங்கள். வளைவுக்குள் முன்பிரேக்கை அழுத்தினால் விழுவது உறுதி என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

செங்குத்தான காட்டுச் சாலைகளில், நீர் வழிந்தோட மரத்தாலோ இரும்பாலோ செய்த வாய்க்கால் சாலைக்குக் குறுக்கே பதித்திருக்கும். மேல்பக்கம் திறந்த அந்தப் பள்ளத்தில் சக்கரம் மாட்டக்கூடிய அளவு இடைவெளி இருக்கும். தண்ணீரைப் பக்கவாட்டில் தள்ளுவதற்காக அதைச் சாய்வாகத்தான் பதிப்பார்கள். நீங்கள் நேராகப் போவதாக நினைத்துப் போனால் சக்கரம் பள்ளத்துக்குச் சாய்வாகப் போய் இறங்கும். அதனால் சைக்கிளைச் சற்றுத் திருப்பி, பள்ளத்துக்குச் செங்குத்தாகக் கடக்க வேண்டும். இறக்கத்தில் வேகமாக வரும்போது தூரத்திலிருந்து இது ஒரு கறுப்புக் கோடாகத்தான் தெரியும். கறுப்புக் கோடு கண்ணில் பட்டால் பிரேக்கில் விரல் போகட்டும்.

கல்லின் குணமும் இடத்துக்கு இடம் மாறும். உடைத்த கல் ஒன்றோடு ஒன்று மாட்டி இறுகும். உருண்டைக் கல் இறுகவே இறுகாது. மேற்கு ஆஸ்திரேலியாவில் முண்டாரிங்கிலிருந்து ஆல்பனி வரை ஜாரா மரக்காடுகள் வழியே சுமார் 1,000 கி.மீ. போகும் முண்டா பிடி பாதையில் பட்டாணி அளவு உருண்டைச் சரளை வரும். அதில் திடீரென்று திரும்பவோ பிரேக் போடவோ கூடாது, மெதுவாக நேராக உருட்டிக்கொண்டு போக வேண்டும். மரவேலைக்காக அண்மையில் பெருங்கல் கொட்டிய சாலை என்றால் இறங்கித் தள்ளுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

8. காட்டில் மற்றவர்களும் இருக்கிறார்கள்

மரம் வெட்டும் இடத்தில் பலகையோ நாடாவோ கட்டியிருந்தால், அருகில் இயந்திரச் சத்தம் கேட்காவிட்டாலும் திரும்பிவிடுங்கள். ஓரத்தில் அடுக்கியிருக்கும் மரக்கட்டைகள் மீது ஏறி உட்காராதீர்கள். அவை உருளும். மர லாரி வந்தால் வளைவில் நிற்க வேண்டாம். வண்டியின் பின்பகுதி வளைவின் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு போகும், நீட்டிக்கொண்டிருக்கும் மரநுனி வெளிப்பக்கமாக வீசும். நேரான இடத்துக்குப் போய், சாலையை விட்டே இறங்கி நில்லுங்கள். லாரித் தொல்லை வேண்டாம் என்றால், பெரும்பாலான இடங்களில் வேலை நடக்காத வாரக்கடைசியில் போகலாம்.

நடப்பவர்களுக்குப் பின்னால் வந்தால் தூரத்திலேயே மணி அடியுங்கள். குதிரை வந்தால் மணி வேண்டாம், பேசுங்கள். மனிதக் குரல் கேட்டால் குதிரை மிரளாது. மூடியிருந்த கதவை மூடிவிட்டும், திறந்திருந்ததைத் திறந்தபடியும் விட்டுப் போங்கள். வேட்டைப் பருவம் உள்ள நாடுகளில் பளிச்சென்ற ஆரஞ்சு நிற உடை அவசியம். பெரும் காற்றடித்த மறுநாள் போகாதீர்கள், பாதி முறிந்த கிளைகள் மேலே தொங்கும். பனி உறைந்து இளகும் பருவத்தில் சரளைச் சாலை உள்ளே ஊறிப்போயிருக்கும். அப்போது ஓட்டினால் சக்கரத் தடம் ஆழமாகப் பதிந்து, காய்ந்த பிறகும் அப்படியே நிற்கும். சாலையை நினைத்து, இரண்டு மூன்று வாரம் பொறுங்கள்.

9. திரும்பி வந்த பிறகு

குளிர், மிதவெப்பக் காடுகளில் உண்ணி உண்டு. முழங்காலின் பின்புறம், தொடை இடுக்கு, அக்குள், தலைமுடி ஓரம் என்று அன்றைக்கே பார்த்துவிடுங்கள். ஒட்டியிருந்தால், நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுத்து எடுங்கள். எண்ணெய் தடவுவது, சுடுவது எல்லாம் வேண்டாம். அடுத்த சில வாரங்களில் அந்த இடத்தில் பரவும் சிவப்பு வட்டமோ காய்ச்சலோ வந்தால், உண்ணி கடித்ததைச் சொல்லி மருத்துவரைப் பாருங்கள். லைம் நோயாக இருக்கலாம், தொடக்கத்திலேயே மருந்து கொடுத்தால் குணமாகும்.

செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள், புழுதி அதை வேகமாகத் தேய்க்கும். டயரை ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளே பதிந்த கூர்க்கல் இருந்தால் நெம்பி எடுத்துவிடுங்கள். அப்புறம், வரைபடத்தில் இருந்த ஒரு சாலை நிலத்தில் இல்லாமல் போயிருந்தாலோ, தடுப்பு ஒன்று குறிக்கப்படாமல் இருந்தாலோ, தரம் 2 என்று போட்டிருந்தது உண்மையில் 4ஆக இருந்தாலோ, நினைவிருக்கும்போதே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு குறிப்பு போடுங்கள். கணக்கு இல்லாமலேயே குறிப்பு எழுதலாம், ஐந்து நிமிடம் ஆகாது. நீங்கள் நம்பிப் போன கோடுகளும் முன்னால் போன யாரோ இப்படித் திருத்திவைத்தவைதான்.